மணி என்ன காட்றது?

அவர் ஸ்ரீரங்கத்தை விட்டுப் போய் மூன்று வருஷமாகிறது. இன்றைக்கும் என் கடையில் ஒரு வெப்சைட் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால், நான் முதலில் பார்ப்பது திரையின் வலது பக்கக் கீழ் மூலையைத்தான். மணியும் தேதியும் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். இந்தப் பழக்கம் அவர் கொடுத்துவிட்டுப் போனது. அவர் பெயரை இங்கே எழுத மாட்டேன். என் போனிலும் அவருக்குப் பெயர் இல்லை, ‘நெட் சார்’ என்றுதான் இருக்கிறார்.

சித்திரை வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எனக்கு நெட் சென்டர். பட்டா நகல், ஹால் டிக்கெட், ரயில் டிக்கெட், காலேஜ் அப்ளிகேஷன் என்று யார் எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பேன். நான் லால்குடிப் பக்கம், நெல் பயிரிடும் வீட்டுப் பெண். கடை ஆரம்பித்த புதிதில் இருந்தது ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டர். திரையில் என்ன எழுதி வந்தாலும் அதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்வேன். ‘இன்டர்நெட் இல்லை’ என்று வந்தால் லைன்காரருக்குப் போன் போட்டுக் கத்துவேன். அவர் வந்து பார்த்துவிட்டு, “லைன் நல்லாத்தான் இருக்கு, நீங்கதான் சரியில்ல” என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்.

நெட் சார் முதன்முதலாக வந்த நாளில் கடையில் ஒரே அமர்க்களம். காலையிலிருந்து எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை. சிவப்பு முக்கோணம் ஒன்றைப் போட்டு, உங்கள் இணைப்பு பாதுகாப்பானது இல்லை, திருடர்கள் உங்கள் விவரங்களைத் திருடப் பார்க்கலாம் என்று ஆங்கிலத்தில் எச்சரிக்கை. நான் பெரிய மனுஷியாக அதைத் தமிழில் மாற்றி, எதிரே உட்கார்ந்திருந்த வையம்பட்டி விவசாயிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பட்டா நகல் எடுக்க வந்தவர் அவர்.

“திருடனா? எங்கம்மா?” என்று மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “வேணாம்மா, நான் தாலுக்கா ஆபீசுக்கே போயிக்கிறேன்” என்று எழுந்து போயே விட்டார்.

ஜெராக்ஸ் எடுக்க வந்து ஓரமாக நின்றிருந்த ஒருவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் வயது. நெற்றியில் மெல்லிசாக ஒற்றைச் சிவப்புக் கோடு, தேய்த்த அரைக்கை சட்டை, கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால். செருப்பை வாசலிலேயே விட்டிருந்தார். என் கடையில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவர் அவர் ஒருவர்தான். அவர் கேட்டார், “மணி என்ன காட்றது?”

நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “பத்தே முக்கால் சார்” என்றேன்.

“உங்க கை இல்லை. உங்க மிஷின் என்ன காட்றது?”

மூலையில் குனிந்து பார்த்தேன். ஜனவரி ஒன்றாம் தேதி என்றிருந்தது. வருஷத்தைப் பார்த்தால், அப்போது எனக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. இதை அன்றைக்கு ராத்திரி சொன்னபோது, “அப்படியே விட்டிருக்கலாமே” என்றார் என் வீட்டுக்காரர்.

“ஒவ்வொரு சைட்டுக்கும் ஒரு அடையாள அட்டை உண்டு. இந்தத் தேதிலேர்ந்து இந்தத் தேதி வரைக்கும் செல்லும்னு அதுல போட்டிருக்கும். உங்க மிஷின் பழைய வருஷத்துல உக்காந்துண்டு, இந்த அட்டை இன்னும் பொறக்கவே இல்லையே, இது போலின்னு கத்தறது. திருடனும் இல்லை, ஒருத்தனும் இல்லை” என்றார். நான் தினமும் கடையைப் பூட்டும்போது மெயினை அணைத்துவிட்டுப் போவேன். கம்ப்யூட்டருக்குள் மணியைக் காப்பாற்றி வைக்கும் பொத்தான் அளவு பேட்டரி ஒன்று செத்துப்போயிருந்தது. அதை மாற்றினார். எல்லா வெப்சைட்டும் ஒன்றுமே நடக்காதது மாதிரி திறந்துகொண்டன. வையம்பட்டிக்காரரைத் தேடித் தெருமுனை வரை ஓடினேன், ஆள் இல்லை.

இப்படித்தான் அவர் என் கடைக்கு வாடிக்கையானார். ஊருக்கு வெளியே ஒரு இன்ஜினியரிங் காலேஜில் கம்ப்யூட்டர் லேப்பைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். தில்லைநகர், உறையூர், சத்திரம் பஸ் ஸ்டாண்ட் என்று கடை கடையாக ஸ்கூட்டரில் போய் வருவார். யார் கூப்பிட்டாலும் ஒரே முறைதான். எடுத்த எடுப்பில் மவுஸைத் தொட மாட்டார். கைகள் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கும். மணி என்ன காட்றது என்று கேட்டு, தன் இடது மணிக்கட்டின் உள்பக்கம் கட்டியிருக்கும் வாட்ச்சோடு ஒத்துப் பார்ப்பார். தினமும் சாவி கொடுக்கிற வாட்ச் அது. பிறகு, வேற சைட் வர்றதா? வேற ப்ரௌசர்ல வர்றதா? வேற லைன்ல வர்றதா? எல்லாம் முடிந்து கடைசியாக ஒரு கேள்வி: “நின்னு போறதுக்கு முன்னாடி, கடைசியா என்ன பண்ணேள்?”

திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் கேட்கவே மாட்டார். நாமாகப் படித்துக் காட்டினாலும் கையை ஆட்டி நிறுத்திவிடுவார். “அதை நம்பாதீங்கோ மேடம். எரர் மெசேஜ்ங்கறது கேட்ல நிக்கற வாட்ச்மேன் மாதிரி. உள்ள என்ன நடக்கறதுன்னு அவனுக்குத் தெரியாது. கேட்டா ஏதாவது சொல்லணுமேன்னு ஒண்ணைச் சொல்லி வைப்பான்.”

இவ்வளவு அவநம்பிக்கைக்காரர் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நடந்துகொண்ட விதத்தைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவருக்கு ஒரே மகள், ஜெர்மனியில் வேலை. அவளுக்கு அவர் தினமும் காலையில் வாட்ஸப்பில் ஒரு செய்தி அனுப்புவார். ஒவ்வொன்றின் கீழும் ஒற்றை டிக்கோடு நிற்கும், இரண்டாவது வராது. அந்தப் பெண் அவரோடு மறுபடி பேசுவாளா மாட்டாளா என்பதுதான் அவருக்கு அந்த நாட்களில் இருந்த ஒரே கவலை. அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அதற்கு முன்னால் அவருடைய வித்தையை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நர்சிங் காலேஜுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஒன்று. பச்சைமலையிலிருந்து ஒரு அம்மா, தன் பெண்ணின் சான்றிதழ்களை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மூணு மணி பஸ்ஸை விட்டால் ஊருக்குப் போக வழியில்லை. காலேஜின் பக்கமோ திறக்கவில்லை. இந்தத் தளத்தை அணுக முடியவில்லை, உங்கள் இன்டர்நெட்டைச் சரிபாருங்கள் என்றது. நான் வழக்கம்போல லைன்காரரிடம் கத்தி முடித்துவிட்டு, நெட் சாரைக் கூப்பிட்டேன்.

வேற சைட்? வருது சார். வேற ப்ரௌசர்? வரல சார். “உங்க போன் லைனைக் குடுங்கோ” என்று என் போன் மூலமாகக் கம்ப்யூட்டரை இணைத்தார். உடனே திறந்தது.

“நெட்டும் நன்னா இருக்கு, காலேஜும் நன்னா இருக்கு. நடுவுல வழி சொல்றவன்தான் சரியில்லை” என்றார். வெப்சைட் பெயரைக் கொடுத்தால் அது எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடிச் சொல்ல ஒரு கம்ப்யூட்டர் எங்கோ இருக்கிறதாம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் விசாரித்தால் கோர்ட்டுக்குப் போகிறவனை உறையூர் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்களே, அப்படி. எங்கள் லைன்காரர் வைத்திருந்த வழிசொல்லி அன்றைக்கு அந்த ஒரு காலேஜுக்கு மட்டும் தப்பு வழி காட்டியிருக்கிறது. சார் வேறொரு வழிசொல்லியின் எண்ணைப் போட்டுக் கொடுத்தார். விண்ணப்பம் போனது. அந்த அம்மா பஸ்ஸுக்கு ஓடும்போது அவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். சாருக்குக் கூச்சம் வந்து, பார்க்காத மாதிரி ஜெராக்ஸ் மிஷினை ஆராய ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் கடைசிக் கேள்வி இருக்கிறதே, அதில் நானே ஒரு முறை மாட்டியிருக்கிறேன். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சீட்டாட்ட விளம்பரமாகக் கொட்டியது. “கடைசியா என்ன பண்ணேள்?” என்றார். “நான் ஒண்ணுமே பண்ணல சார்” என்றேன். உண்மையில் முந்தின நாள், புதுப் படத்தை ஓசியில் பார்க்க எதையோ இறக்கி வைத்திருந்தேன்.

அவர் சிரித்தார். “எல்லாரும் அப்படித்தான் சொல்லுவா மேடம். மிஷினாவது தெரியாம தப்பா சொல்றது. மனுஷா தெரிஞ்சே சொல்லுவா” என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் கோபம் வரவில்லை.

மனிதர்கள் விஷயத்திலும் அவருக்கு இதே முறைதான் என்பது போகப்போகப் புரிந்தது. ஒரு நாள் சீக்கிரமே ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தேன். என்ன என்றார். தலைவலி என்றேன். ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “தலைவலி இல்லை. யாரோ ஏதோ சொல்லியிருக்கா” என்றார். என் கொழுந்தனார் காலையில் வீட்டில் வைத்து, கடையை மூடிவிட்டு ஒழுங்காகக் குடும்பத்தைப் பார் என்று சொல்லியிருந்தார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இவர் இப்படிப் பட்டென்று சொன்னதும் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அப்போது இவர் எவ்வளவு பெரிய ஆள் என்று தோன்றியது. ராத்திரி படுத்திருக்கும்போது, இந்த மனுஷனோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் பாவம் என்றும் தோன்றியது. ஒரு தலைவலியைக்கூட நிம்மதியாகத் தலைவலி என்று சொல்லிக்கொள்ள முடியாதே.

அவருடைய மனைவி தவறிப்போன செய்தி எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரியும். “பரமபதிச்சுட்டா” என்று ஒற்றை வார்த்தையில் சொன்னார். மறுபடி கடை கடையாகப் போக ஆரம்பித்தார். மணி கேட்டார், லைன் மாற்றினார். சட்டை மட்டும் தேய்க்காமல் இருந்தது.

அதற்கு நாலைந்து மாதம் கழித்து ஒரு மத்தியானம் வந்தார். வேலை எதுவும் இல்லை. “ஒரு சைட் பாக்கணும் மேடம்” என்று முதல்முறையாக வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஜெர்மனியில் வெளிநாட்டுக்காரர்கள் தங்குவதற்கான விதிகள் இருக்கும் பக்கம். ஆங்கிலத்தில் மாற்றிப் படித்தார். பிறகு எழுந்து மணியை ஒத்துப் பார்த்தார். வேறு ப்ரௌசரில் திறந்தார். பக்கத்து கம்ப்யூட்டரில் திறந்தார். என் போன் லைனைக் கேட்டு வாங்கி அதிலும் திறந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. “என்ன சார், பக்கம்தான் நல்லா திறக்குதே. இதுவும் பொய் சொல்லுதா?” என்றேன்.

“இல்லை மேடம். எல்லா லைன்லயும் ஒண்ணேதான் வர்றது” என்றார். “ஒரு பிரிண்ட் குடுங்கோ.”

பிரிண்ட் எடுக்கும்போது படித்தேன். தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறவர்களுக்கு இடைக்காலத்தில் ஒரு காகிதம் தருவார்கள். அதில் ஒரு வகையை வைத்துக்கொண்டு நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது. இதுதான் விஷயம். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு அவராகவே சொன்னார்.

மனைவி போன அன்று மகளிடமிருந்து போன் வந்திருக்கிறது. அப்பா, என்னால் வர முடியாது, காகிதம் மாட்டிக்கொண்டிருக்கிறது, வந்தால் வேலை, வீடு எல்லாம் போய்விடும் என்று அழுதிருக்கிறாள். கூடம் முழுக்கச் சொந்தக்காரர்கள். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

“நான் என்ன சொன்னேன் தெரியுமா மேடம்? இதெல்லாம் மேல தெரியற மெசேஜ், உள்ள இருக்கற காரணத்தைச் சொல்லுன்னேன். அவ சொன்னா, அப்பா, நான் சொல்றதுதான் காரணம்னு. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவான்னுட்டேன். அத்தனை பேர் முன்னால. போனை வெச்சுட்டா, அதுக்கப்புறம் எடுக்கவே இல்லை.”

எல்லாரும் அப்படித்தான் சொல்லுவா என்று என்னிடம் அவர் சிரித்துக்கொண்டே சொன்ன அதே வார்த்தை. எனக்கு அது காது சூட்டோடு போயிற்று. அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் ஏதோ ஒரு ஊரில் தனியாக நின்ற பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தபோது, உண்மையாகவே அவர் மேல் ஆத்திரம் வந்தது. மடித்து வைத்த காகிதத்தை மறுபடி எடுத்துப் பிரித்து அவர் படிப்பதைப் பார்த்ததும் அதுவும் போய்விட்டது.

அந்தப் பிரிண்ட் எடுத்த அன்றிலிருந்துதான் அந்தக் காலைச் செய்திகள். விடிகாலையில் கோயிலுக்குப் போய்ச் சேவித்துவிட்டு, ராஜகோபுரத்தை ஒரு போட்டோ எடுத்து, அதன் கீழே ஒரு வரி எழுதி அனுப்புவார். மழை பெய்தது, காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது, உன் ஸ்கூலுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள், இப்படி. கடைக்கு வந்து உட்கார்ந்ததும் போனை எடுத்துப் பார்ப்பார். ஒற்றை டிக். நேற்றையதற்கும் ஒற்றை டிக். மேலே தள்ளிக்கொண்டே போனால் கோபுரமாக வரும், எல்லாவற்றுக்கும் ஒற்றை டிக்.

“அவ ஊர்ல சிக்னல் சரியில்லை போலருக்கு” என்பார்.

ஒரு நாள் என் வாய் சும்மா இருக்கவில்லை. “பச்சைமலையிலயே ரெண்டு டிக் வருது சார், ஜெர்மனியில சிக்னல் இல்லையா?” என்று கேட்டுவிட்டேன். அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அந்த வார்த்தையை விழுங்கியிருக்கலாமே என்று அன்றைக்கு முழுக்க என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒன்று மனசில் குடைந்துகொண்டே இருந்தது. சந்தேகம் வந்தால் ஊரான் வீட்டு வெப்சைட்டுக்கே நாலு லைன் மாற்றிப் பார்க்கிற மனுஷன், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் “உங்க லைனைக் குடுங்கோ” என்று கேட்கவே இல்லை. இத்தனைக்கும் என் போன் அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் மேஜையில் கிடக்கும்.

அவருடைய பென்ஷனுக்காக ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்திருந்தேன். அவசரத்துக்கு யாரைத் தொடர்புகொள்வது என்ற இடத்தில் மகளின் எண்ணைத்தான் கொடுத்திருந்தார். அதன் நகல் என்னிடம் இருந்தது. நான் செய்தது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு மத்தியானம், கடையில் யாரும் இல்லாதபோது, அந்த எண்ணை என் போனில் பதிந்தேன். அவர் போனில் சாம்பல் வட்டமாக இருந்த இடத்தில், என் போனில் கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெண் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பாவின் மூக்கு. ‘வணக்கம், ஸ்ரீரங்கத்திலிருந்து’ என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

உடனே இரண்டு டிக். அடுத்த நிமிஷம் இரண்டும் நீலமாயின. பதில் வந்தது: ‘யாரு? அப்பாக்கு ஏதாவது ஆச்சா?’

அப்பா நன்றாக இருக்கிறார், நான் கடைக்காரம்மா, எண் சரியா என்று பார்த்தேன் என்று அவசரமாக எழுதினேன். ‘சரி’ என்று ஒரு வார்த்தை வந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ஒரு வாரம் அதை அவரிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். சொன்னால், மகள் தன்னை ப்ளாக் பண்ணியிருக்கிறாள் என்பது அவருக்கு உறுதியாகிவிடும். சொல்லாவிட்டால், அந்த ‘அப்பாக்கு ஏதாவது ஆச்சா’ என்ற கேள்வி என் போனிலேயே கிடந்து வீணாகப் போகும். எட்டாவது நாள் அவர் வந்து உட்கார்ந்து, போனைப் பார்த்து, சிக்னல் என்று ஆரம்பித்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

“சார், ஒண்ணு வர மாட்டேங்குதுன்னு சொல்றீங்களே, உங்க முறைப்படியே நான் பாத்துட்டேன். வேற லைன்ல வருது.”

அவர் நிமிர்ந்தார். எது என்று கேட்கவில்லை.

“தெரியும் மேடம்” என்றார். “முதல் நாளே தெரியும். எனக்குத் தெரியாதா? வேற லைன்ல பாத்து வந்துடுத்துன்னு வைங்கோ, அப்புறம் சிக்னல் இல்லைன்னு சொல்லிக்க முடியாதே. அதான் பாக்கலை.”

எனக்கு அழுகை வந்தது. ஆனால் அழுதால் காரியம் கெடும் என்று அதட்டலாகவே கேட்டேன். “கடைசியா என்ன பண்ணீங்க சார்?”

அவருக்குப் புரிந்தது. திரையின் பக்கம் திரும்பினார். அதில் ஏதோ ஒரு அரசுப் படிவம் பாதி நிரப்பியபடி கிடந்தது.

“அவ சொன்னதை நம்பலை” என்றார்.

என் போனைத் திறந்து அந்தச் செய்தியை அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தார். ஒரு வரிதான். அதைப் படித்து முடிக்க அவருக்கு அவ்வளவு நேரம் ஆயிற்று. திரையில் எழுதி வருவதை அவர் எதோடும் ஒத்துப் பார்க்காமல் அப்படியே ஏற்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு கையை நீட்டினார். “உங்க லைனைக் கொஞ்சம் குடுங்கோ.”

நானே ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். மணி போகும் சத்தம் எனக்கும் கேட்டது. இரண்டு தடவைதான். சட்டென்று எடுத்துவிட்டாள்.

“ஹலோ? சொல்லுங்கோ மாமி, அப்பாக்கு என்ன ஆச்சு?”

அவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்தப் பக்கம் ஹலோ, ஹலோ என்று பதற்றம் ஏறிக்கொண்டே போனது. எங்கே வைத்துவிடுவாளோ என்று எனக்குப் படபடத்தது. பேசுங்க சார் என்று கையால் ஜாடை காட்டினேன். எத்தனை மாதமாகக் கோபுரத்தின் கீழே ஒவ்வொரு வரியாக எழுதிக்கொண்டிருந்த மனுஷன். மன்னிப்புக் கேட்கலாம். அம்மாவைப் பற்றிச் சொல்லலாம். சட்டைப் பையில் நாலாக மடித்த காகிதம் இன்னும் இருந்தது, அதைச் சொல்லலாம். கடைசியில் அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்.

“அங்க... அங்க இப்போ மணி என்ன காட்றதும்மா?”

லைன் போய்விட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். விநாடி ஓடிக்கொண்டுதான் இருந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்புறம் குரல் வந்தது.

“ஒம்பதே கால்ப்பா.”

அவருடைய இடது மணிக்கட்டு, பழக்கத்தில், தானாகவே உள்பக்கமாகத் திரும்பியது. வாட்ச்சைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. அந்தக் கையைத் தொடையின் மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

“சரிம்மா” என்றார். “நீ சொன்னா சரி.”